கைசர் ஓகே சொன்ன டேக்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய் ஆவி சமாச்சாரம் எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. காலேஜ் ஹாஸ்டலில் கரண்ட் போனால் போதும், எவனாவது பனைமரத்து யட்சி கதையை ஆரம்பிப்பான், எல்லாரும் ஒரே கட்டிலில் ஒட்டிக்கொண்டு உட்காருவார்கள், நான் மட்டும் நடுவில் புகுந்து, "கொலுசு சத்தம் கேட்டு கேட்டுன்னு சொல்லுதியளே, எவனாவது ரெக்கார்ட் பண்ணினியாலே? ஃபைல் எங்க?" என்று கேட்டு எல்லாரிடமும் நல்லா வாங்கிக் கட்டிக்கொள்வேன். என்னுடைய கொள்கை ரொம்ப சிம்பிள். மைக்கில் விழாதது எதுவும் இல்லவே இல்லை.

இந்தக் கதையில் என் பிரச்சினையே அது மைக்கில் விழுந்ததுதான்.

இன்னொன்று, அமாவாசை, நடுராத்திரி, சுடுகாட்டுப் பாதை என்று எதிர்பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். இது நடந்தது மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு. வெளியே நல்ல வெளிச்சம். அடுக்களையில் அம்மா சாயங்காலத்துக்கு மரச்சீனிக் கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தாள். நாய் மட்டும் இந்தக் கதையில் உண்டு, ஆனால் ஊளையெல்லாம் விடாது. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம், சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள், நான் சொல்லி முடித்துவிடுகிறேன்.

அருமனை என்கிற ஊரில் இருந்து கொஞ்சம் உள்ளே, ரப்பர் மரங்களுக்கு நடுவில் எங்கள் வீடு. பின்பக்கம் அப்பா ரப்பர் ஷீட் அடுக்கி வைத்திருந்த ஒரு சின்ன அறை. படிப்பு முடிந்து வேலை கிடைக்காத சீசனில் அந்த அறையைக் கெஞ்சி வாங்கி ஸ்டுடியோ ஆக்கினேன். ஸ்டுடியோ என்றால் ஒரு லேப்டாப், ஒரு செகண்ட் ஹேண்ட் மைக், இரண்டு ஹெட்ஃபோன், பழைய வீட்டுக் கதவை நாலு மரக் கால்கள் மேல் படுக்கப்போட்டுச் செய்த மேஜை, அவ்வளவுதான். ஷீட்டை எல்லாம் அப்புறப்படுத்தினாலும் அதன் புகைவாடை போகவில்லை. பாட வருகிறவர்கள் முதலில் தும்முவார்கள், பிறகுதான் பாடுவார்கள்.

வீட்டில் உட்கார்ந்து பாட்டு செய்கிறவர்கள் எல்லாரும் முதலில் செய்கிற தப்பை நானும் செய்தேன், மைக் நல்லதாக இருந்தால் சவுண்ட் நல்லதாக வரும் என்று நினைத்தேன். அது சுத்தப் பொய். நல்ல மைக் என்ன செய்யும் தெரியுமா, பாடுகிறவனோடு சேர்த்து உங்கள் சுவரையும் நல்லபடியாக ரெக்கார்ட் பண்ணும். வெறும் சிமெண்ட் சுவர் குரலைத் திருப்பி அடிக்கும், அதுவும் மைக்கில் விழும், கடைசியில் கேட்டால் வாளிக்குப் பக்கத்தில் குளிமுறியில் நின்று பாடின மாதிரி இருக்கும். இதைச் சரிபண்ணுகிறேன் என்று சந்தையில் இருந்து முட்டை அட்டையைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து சுவர் முழுக்க ஒட்டினேன். சத்தத்துக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை, பல்லிகள் மட்டும் குடும்பத்தோடு குடியேறின. அப்பா வாசலில் நின்று பார்த்துவிட்டு, "லேய், எல்லாம் செரி, கோழி என்னைக்கு வருது?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அப்புறம்தான் உருப்படியாக ஒன்று செய்தேன். மரச்சட்டம் அடித்து, உள்ளே தேங்காய் நார்த் தும்பை அமுக்கி அடைத்து, மேலே அம்மாவின் பழைய சேலைகளை இழுத்துக் கட்டிச் சுவர் முழுக்கத் தொங்கவிட்டேன். அறை அப்படியே காதைப் பொத்தியது போல ஆகிவிட்டது, கைதட்டினால் சத்தம் கையோடு நின்றுவிடும். அம்மா வந்து பார்த்து, "மக்களே, இது என் நிச்சயதார்த்தச் சேலையாக்கும்" என்றாள், கோபமாகத்தான். ஆனால் அடுத்த வாரம் அவளே இன்னும் இரண்டு சேலை கொண்டுவந்து தந்தாள்.

அறைக்குள் சரி, அறைக்கு வெளியே? மீன்காரர் வண்டி ஹார்ன், பள்ளி மைக்செட், கோயில் மைக்செட், பக்கத்து வீட்டு குக்கர், எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ். கூரை தகர ஷீட் என்பதால் மழை பெய்தால் கடையை மூடிவிட வேண்டியதுதான், இந்த ஊரில் மழை எப்போது பெய்யாது என்பது இன்னொரு கேள்வி. ஆக எங்களுக்குக் கிடைத்தது மத்தியானம்தான். ஊரே சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்திருக்கும், பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்திருக்க மாட்டார்கள், அந்த நேரத்தில் ஃபிரிட்ஜையும் ஃபேனையும் நிறுத்திவிட்டு வியர்க்க வியர்க்க ரெக்கார்ட் பண்ணுவோம்.

பண்ணுவோம் என்றால் நானும் ஜெபினும். ஜெபின் எனக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்ச். பன்னிரண்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டுப் பெயின்ட் அடிக்கப் போனவன், கை நகத்தில் எப்போதும் ஏதாவது ஒரு கலர் இருக்கும். பள்ளியில் பாட்டுக் குழுவில் பாடுவான், கல்யாண வீடுகளில் பாடுவான், சாரத்தில் தொங்கிக்கொண்டு சுவருக்கு பிரைமர் அடிக்கும்போதும் பாடுவான். அவன் குரலைப் பற்றி நான் ஒன்றும் வர்ணிக்கப்போவதில்லை. அந்தக் குரலுக்காகத்தான் நான் பல்லிகளோடு குடித்தனம் பண்ணினேன், அதில் இருந்து புரிந்துகொள்ளுங்கள்.

எங்களோடு மூன்றாவதாக ஒருத்தன் இருந்தான், கைசர்.

பேர்தான் ஏதோ சக்கரவர்த்தி பேர், ஆள் சுத்த நாட்டு நாய். செம்மண் நிறம், ஒரு காது நிற்கும், இன்னொன்று தொங்கும். குட்டியாக இருந்தபோது ஏதோ ஒரு பைக் வாலில் ஏறி, வால் நடுவில் ஒடிந்து கோணலாகவே ஒட்டிக்கொண்டது. அதனால் அவன் வாலாட்டினால் மற்ற நாய்களைப் போலச் சீராக வராது. ஒரு தட்டு, கொஞ்சம் இடைவெளி, பிறகு இரண்டு தட்டு சேர்ந்தாற்போல. டப்... டடப். டப்... டடப். இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மேஜைக்கு அடியில் ஒரு சணல் சாக்கு, அதுதான் அவன் இடம். வெளியே விட்டுக் கதவைச் சாத்தினால் கதவைப் பிறாண்டுவான், உள்ளே விட்டால் மூச்சுவிடாமல் கிடப்பான். ஆனால் பாட்டு நன்றாக வந்துவிட்டால், நன்றாக என்றால் உண்மையிலேயே நன்றாக வந்துவிட்டால், ஜெபின் பாடி முடிக்கிற அந்த நொடியில் வாலைத் தூக்கி மேஜைக் காலில் அடிப்பான். டப்... டடப். தரை வழியாக அது மைக் ஸ்டாண்டுக்கு ஏறி ரெக்கார்டிங்கின் கடைசியில் விழுந்துவிடும். ஸ்டாண்டுக்கு அடியில் அப்பாவின் ரப்பர் ஷீட்டை வெட்டி மடித்து வைத்தும் பார்த்தேன், ம்ஹும்.

சும்மா வாலாட்டுகிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். நான் இன்ஜினியரிங் படித்தவன், சோதித்துப் பார்க்காமல் விடுவேனா. ஜெபின் சொதப்பின டேக்குக்கு வேண்டுமென்றே கைதட்டி, "கொள்ளாம்டே! சூப்பர்!" என்று குதித்தேன். கைசர் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். அதற்கப்புறம் அவன்தான் ஜட்ஜ். டேக் முடிந்ததும் நாங்கள் இரண்டு பேரும் திரையைப் பார்க்க மாட்டோம், மேஜைக்கு அடியில் குனிந்து பார்ப்போம். கல்யாண வீடியோவுக்காக மனைவிக்கு ஒரு பாட்டுப் பாடித் தருகிறேன் என்று வந்த மாப்பிள்ளை ஒருத்தர் எத்தனை டேக் பாடியும் கைசர் அசையவே இல்லை. கடைசியில் ஜெபின் அவரிடம், "அண்ணே, நாய்க்கு இன்னைக்கு மேலுக்கு முடியல, நீங்க தப்பா எடுக்கப்பிடாது" என்று சொல்லி அனுப்பி வைத்தான்.

ஜெபின் ஒவ்வொரு தடவை வரும்போதும் அவனுக்கு ஒரு பொதி கொண்டுவருவான், பொறட்டாத் துண்டு, இல்லாவிட்டால் மத்தி மீன் தலை. மத்தித் தலை என்றால் கைசர் கோணல் வாலோடு முழு உடம்பையும் ஆட்டுவான்.

இதில் ஒரு கெட்ட பழக்கம் வந்து ஒட்டிக்கொண்டது. வால் சத்தம் கடைசி சுரத்தின் மேல் விழுந்தால் வெட்டி எடுக்க முடியாது, அதனால் நானே ஜெபினிடம், "கடைசி நோட்டைக் கொஞ்சம் முன்னாலயே நிறுத்திருடே, அவன் தட்டுகதுக்கு எடம் குடு" என்று சொல்லிப் பழக்கிவிட்டேன். அவனும் கடைசிச் சொல்லைப் பாடி, கொஞ்சம் இழுத்து, சட்டென்று நிறுத்திக் காத்திருப்பான். டப்... டடப். உடனே முகமெல்லாம் பல்.

போன ஜூன் மாத இடவப்பாதி மழையில் கைசர் செத்துப்போனான். வயசாகிவிட்டது, வேறு ஒன்றும் இல்லை. காலையில் சாக்கின் மேல் எப்போதும் படுக்கிற மாதிரியே கிடந்தான். கொட்டுகிற மழையில் பின்னால் அயனி மரத்துக்கு அடியில் ஜெபின்தான் குழி வெட்டினான், என்னை மண்வெட்டியைத் தொடவிடவில்லை. அம்மா ஒரு சேலை கொண்டுவந்து சுற்றினாள். சாக்கை மட்டும் துவைக்காமல் மடித்து விறகுப்புரையில் வைத்தாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

சென்னையில் தீபா அக்கா என்று ஒரு மிக்ஸிங் இன்ஜினியர், நெட்டில் பழக்கம், நேரில் பார்த்ததே கிடையாது. ஒரு சின்னப் படத்துக்குப் புதுக்குரல் தேடுகிறார்கள் என்று சொல்லி, மெட்டும் பாட்டும் அனுப்பி, "உன் ஃபிரெண்டைப் பாடச் சொல்லு, டைரக்டர்கிட்ட நான் குடுக்கிறேன்" என்றார். அதே சமயத்தில் ஜெபினுக்குக் கத்தாருக்கு விசா வந்தது, பெயின்டிங் வேலை. அவன் அப்பாவுக்கு உடம்பு முடியாது, தங்கச்சி படிக்கிறாள், போகாமல் இருக்க வழியில்லை. போகிறதுக்கு முன்னால் இவன் குரல் ஒரு தடவையாவது வெளியே போய் நாலு பேர் காதில் விழ வேண்டும், எனக்கு அது ஒன்றுதான். அங்கே போய் வெயிலில் சுவர் சுவராக அடிக்கும்போது, நான் பாடினது ஒன்று கிடக்கிறது என்று அவனுக்கு நினைத்துக்கொள்ள ஒன்று வேண்டும் இல்லையா.

முதல் தடவை அனுப்பினதை அக்கா திருப்பி அனுப்பினார், "தம்பி, ரூம் கேக்குது. வீட்ல எடுத்ததுன்னு அப்படியே தெரியுது." இரண்டு சட்டம் கூடுதலாக அடித்தேன். இரண்டாவது தடவையும் திரும்பி வந்தது. "ரூம் இப்ப ஓகே. ஆனா எல்லா வரியிலயும் கடைசி நோட்ட ஏன் பாதியில வெட்டுறான்? மூச்சு இருக்கு, பாட மாட்டேங்குறான். பாட்டுல ஆளே இல்லாத மாதிரி இருக்குப்பா."

எனக்குக் காரணம் தெரியும். ஜெபினுக்கும் தெரியும்.

அக்கா கடைசியாக ஒரு சான்ஸ் கொடுத்தார், இன்றைக்குச் சாயங்காலத்துக்குள் அனுப்பு, டைரக்டர் நாளைக்கு முடிவு பண்ணுகிறார் என்று. ஜெபினுக்கு மறுநாள் காலையில் திருவனந்தபுரத்தில் இருந்து ஃபிளைட். அவன் வீட்டில் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறார்கள், அவன் அம்மா முந்திரிக்கொத்து பொரித்துக்கொண்டிருக்கிறார், இவன் இங்கே என் அறையில் சட்டையைக் கழற்றிப்போட்டுவிட்டு மைக் முன்னால் நிற்கிறான். காலையில் கொட்டின மழை நின்றிருந்தது, ஆனால் மலைப்பக்கம் மறுபடியும் கறுத்துக்கொண்டு வந்தது. கூரையில் முதல் துளி விழுந்தால் எல்லாம் முடிந்தது.

பாடினான். கடைசிச் சொல்லை வெட்டினான். மறுபடி பாடினான், வெட்டினான்.

"லேய், இழுடே! இன்னும் இழு!" என்று கத்தினேன்.

"இழுக்கத்தானே செய்யேன்."

"எங்க இழுக்க? கரண்ட் போன மாதிரி நிறுத்துத. போட்டுக் காட்டவா?"

"நான் வேணும்னா நிறுத்துதேன்? தன்னால நிக்குது மக்கா. தொண்டை நின்னு... காத்துக்கிடக்கு."

ஹெட்ஃபோனைக் கழற்றி மேஜையில் போட்டான். வழக்கம்போல அவன் கண் மேஜைக்கு அடியில் போனது. அங்கே வெறும் தரை, ஒரு எக்ஸ்டென்ஷன் வயர்.

"அந்தச் சாக்கு எங்கலே?" என்றான்.

"விறகுப்புரையில. எதுக்கு?"

"எடுத்துப் போடு."

"உனக்குக் கிறுக்கா? வானம் கறுத்துட்டு நிக்கு, இவனுக்குச் சாக்கு வேணுமாம். அதுக்கப்புறம் என்ன, மத்தித் தலை வச்சுப் படையல் போடணுமா?"

"எடுத்துப் போடுடே. உனக்கு என்ன நட்டம்?"

நட்டம் ஒன்றும் இல்லை, எடுத்துவந்து போட்டேன். சாக்கில் இன்னும் அவன் வாடை இருந்தது, சிவப்பு முடி இரண்டு ஒட்டியிருந்தது. ஜெபின் குனிந்து அதை நீவிச் சமமாக்கினான். பிறகு ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினான். நானும் என் ஹெட்ஃபோனை மாட்டினேன். ரெக்கார்ட் பட்டனை அழுத்தினேன்.

எப்படிச் சொல்ல, முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது, இது வேறு. நான் திரையைப் பார்க்கவே இல்லை. கடைசி வரி வந்தது, கடைசிச் சொல், இழுக்கிறான், வழக்கமாக நிற்கிற இடம் வந்தது, தாண்டிவிட்டான், இன்னும் இழுக்கிறான், குரல் மெல்ல இறங்குகிறது, அது முழுசாக அடங்குவதற்கு முன்னாலேயே, பொறுக்கமாட்டாத மாதிரி, ஹெட்ஃபோனில் கேட்டது.

டப்... டடப்.

ஜெபின் கண்ணைத் திறந்தான். வாய் திறந்தபடியே இருந்தது, நோட் இன்னும் போய்க்கொண்டிருந்தது, அவன் நிறுத்தவில்லை, முழுசாகப் பாடி முடித்தான். டப்... டடப். திரையில் மீட்டர் குதித்ததை இரண்டு பேரும் பார்த்தோம். நான் ஹெட்ஃபோனை ஒரு காதில் இருந்து விலக்கினேன். அறையில் ஒரு சத்தமும் இல்லை. திரும்ப மாட்டினேன். டப்... டடப். மைக்குக்குக் கேட்கிறது, எங்கள் காதுக்குக் கேட்கவில்லை. நான் மேஜைக்கு அடியில் பார்த்தேனா என்று கேட்டால், பார்த்தேன். சாக்குதான் கிடந்தது.

அந்த நேரத்தில் கதவைத் தள்ளிக்கொண்டு அம்மா கட்டன் சாயாவோடு வந்தாள். எங்கள் முகத்தைப் பார்த்து, "என்ன மக்களே ரெண்டு பேரும் பேயறைஞ்ச மாதிரி நிக்கிய?" என்றாள். வந்தவள் மேஜைக்குப் பக்கத்தில் காலைக் கொஞ்சம் தூக்கி, எதையோ மிதிக்காமல் தாண்டி வந்து, தம்ளரை வைத்துவிட்டு, மறுபடி தாண்டிப் போனாள். கைசர் இருந்த காலத்தில் அப்படித்தான் தாண்டுவாள், அவன் பின்கால் சாக்குக்கு வெளியே நீட்டிக்கொண்டு கிடக்கும். பழக்க தோஷம் என்று நினைத்துக்கொண்டேன். இப்போதும் அப்படித்தான் நினைக்க ஆசை.

ஜெபின் அழவும் இல்லை, பயப்படவும் இல்லை. "கேட்டியா?" என்றான். அவ்வளவுதான். முகமெல்லாம் பல்.

நான் அப்படி விடுகிற ஆள் இல்லை. பழைய டேக் ஏதோ தவறுதலாக உள்ளே கலந்துவிட்டது, அதுதான் முதல் சந்தேகம். இதற்கு எங்கள் தொழிலில் ஒரு சோதனை உண்டு. ஒரே சத்தத்தின் இரண்டு காப்பியை எடுத்து, ஒன்றை மட்டும் தலைகீழாக்கி இன்னொன்றோடு சேர்த்தால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும், ஒன்றும் கேட்காது. துளி வித்தியாசம் இருந்தாலும் அந்த மிச்சம் கேட்கும். கைசர் கெடுத்த பழைய டேக்குகள் எல்லாம் என்னிடம் இருந்தன. ஒவ்வொன்றின் வால் சத்தத்தையும் எடுத்து இதோடு தலைகீழாகச் சேர்த்துப் பார்த்தேன். ஒன்றுகூட அழியவில்லை. அதாவது இது பழைய சத்தம் இல்லை. இன்றைக்குப் புதிதாகத் தட்டினது.

"தட்டி முடிச்சாச்சில்லா, பின்ன என்ன? அனுப்புடே" என்றான் ஜெபின்.

"இதையா? கடைசி நோட்டுக்கு மேல நாய் வாலடிக்குது, இதை எப்படிடே அனுப்ப? ரூம் கேக்குதுன்னே திருப்பி விட்ட பொம்பளையாக்கும் அது. இரு, எடுத்துருதேன்."

எடுக்க முடியும். சாஃப்ட்வேர் சத்தத்தைப் படமாக விரித்துக் காட்டும், வேண்டாததை மட்டும் பிரஷ் வைத்து அழிக்கிற மாதிரி அழிக்கலாம். அழித்தேன். வால் போய்விட்டது. ஆனால் அதோடு நோட்டின் அடிவயிறும் சேர்ந்து போய்விட்டது, கடைசியில் குரல் அப்படியே குழி விழுந்த மாதிரி இருந்தது. ஜெபின் ஒரு தடவை கேட்டான். "இது நான் இல்ல" என்றான்.

"அப்ப இன்னொரு டேக் எடுப்போம்."

"இனி வராது மக்கா. வரவேண்டியது வந்தாச்சு."

அப்போது கூரையில் முதல் துளி விழுந்தது. இரண்டாவது. பிறகு மொத்தமாகக் கொட்டியது. இன்னொரு டேக் என்பதே இல்லை. பூசி மெழுகின ஃபைலா, வால் இருக்கிற ஃபைலா, இரண்டில் ஒன்றை அனுப்ப வேண்டும். என் கை மவுஸில் இருக்கிறது, அவன் என்னைப் பார்க்கிறான், இவன் வாழ்க்கையில் இருக்கிற ஒரே சான்ஸை ஒரு செத்த நாய்க்காகக் கெடுக்கிறோமே என்று இரண்டு ஃபைலுக்கும் நடுவில் மவுஸை நகர்த்திக்கொண்டே இருக்கிறேன். கடைசியில் வால் இருக்கிறதையே அனுப்பினேன். கூடவே, 'அக்கா, கடைசியில் எங்கள் வீட்டு நாய் சத்தம் கேட்கும், மன்னிச்சிருங்க, வேற வழி இல்லை' என்று ஒரு மெசேஜ்.

பதில் வரும்போது நாங்கள் ஜெபின் வீட்டில் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தோம். படித்துவிட்டு போனை அவனிடம் நீட்டினேன்.

"தம்பி, இதுதான்! கடைசி நோட்ட என்ன அழகா விட்டிருக்கான்! ரூம் அவ்ளோ சுத்தம், பெரிய ஸ்டுடியோல எடுத்த மாதிரி இருக்கு. என்ன பண்ணுன? ஆமா, எந்த நாய்? நான் மூணு தடவ கேட்டுட்டேன், ஒரு சத்தமும் இல்லையே."

வேறு ஃபைலை அனுப்பிவிட்டேனோ என்று பார்த்தேன், இல்லை. அக்காவிடம் அவர் கையில் இருந்ததையே திருப்பி அனுப்பச் சொல்லி, வழியனுப்ப வந்த கூட்டத்துக்கு நடுவில், முந்திரிக்கொத்து மணத்தில் நின்று, ஜெபின் ஒரு காதிலும் நான் ஒரு காதிலும் இயர்ஃபோனைச் செருகிக் கேட்டோம். டப்... டடப். அவருக்கு இல்லாத சத்தம் எங்களுக்கு இருந்தது. இது எப்படி என்று என்னிடம் கேட்காதீர்கள். இன்ஜினியரிங்கில் நான் படித்த எந்தப் பேப்பரிலும் இது வரவில்லை.

பாட்டு பிறகு டைரக்டரிடமும் ஓகே ஆகிவிட்டது. படம் இன்னும் வெளியே வரவில்லை, வரும்போது வரட்டும். மறுநாள் விடிவதற்கு முன் ஜெபின் கிளம்பினான். கார் எங்கள் வீட்டு வழியாகத்தான் போனது, ஒரு நிமிஷம் நிறுத்தச் சொல்லி இறங்கி, பின்னால் போய் அயனி மரத்தடியில் நின்றுவிட்டு வந்தான். என்னைக் கட்டிப்பிடித்தான். "போறேன்டே. அவனைப் பாத்துக்கோ" என்றான்.

பார்த்துக்கொள்கிறேன் என்று நானும் சாக்கை எடுக்காமல் விட்டிருந்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ பேர் வந்து பாடினார்கள், அதில் இரண்டு பேர் நிஜமாகவே நன்றாகப் பாடினார்கள். ஒவ்வொரு டேக் முடிந்ததும் ஹெட்ஃபோனை அமுக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். ஒன்றும் இல்லை. அறை அப்படி ஒரு சுத்தம். எந்த நிசப்தத்துக்காக அத்தனை சட்டம் அடித்தேனோ அது முழுசாகக் கிடைத்துவிட்டது, எனக்கு அது பிடிக்கவே இல்லை.

கொஞ்ச நாள் கழித்து ஜெபின் வீடியோ காலில் வந்தான். ஆள் கறுத்திருந்தான். கேம்ப் அறை, இரும்புக் கட்டில் மேலும் கீழுமாக, இவனுக்கு மேல் கட்டில். சாப்பாடு, சூடு, சூப்பர்வைசர் எல்லாம் பேசிவிட்டு, "மக்கா, அவன் அங்க உண்டா? தட்டுதானா?" என்றான்.

"உண்டுடே. நேத்துகூடத் தட்டினான்" என்றேன். வேறு என்ன சொல்வது.

அவன் சந்தோஷமாகச் சிரித்தான். "அங்க அவன் தட்டினா ஓகே சொல்லுதான்னு அர்த்தம், இங்க நான் தட்டுதேன்னு ஒருத்தன் சண்டைக்கு வாறான் பாத்துக்கோ. கீழ்க் கட்டில்ல ஒரு நேபாளி. வேலை முடிஞ்சு வந்து படுத்துட்டு நான் ஏதாவது ஒரு பாட்டு முணுமுணுப்பேன்லா, முடிச்சதும் நான் காலால கட்டிலைத் தட்டுதேனாம், இவனுக்கு உறக்கம் போவுதாம். நான் எங்க தட்டுதேன்? அனங்காம அசையாமல்லா கெடக்கேன்."

"ஜெபினே, எப்படித் தட்டுதாம்னு அவன்கிட்ட கேளு" என்றேன்.

"அத எதுக்குடே?"

"கேளேன்."

அவன் போனைத் திருப்பி அரைகுறை இந்தியில் கேட்டான். பனியன் போட்ட ஒரு மெலிந்த ஆள், தூக்கக் கலக்கத்தோடு எழுந்து உட்கார்ந்து, எங்கள் இரண்டு பேரையும் முறைத்துவிட்டு, விரலை மடக்கிக் கட்டிலின் இரும்புக் காலில் தட்டிக் காட்டினார்.

டங்... டடங்.

கேமரா அந்த இரும்புக் காலையே பார்த்துக்கொண்டு நின்றது. ஜெபின் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது. பிறகு என்ன சொன்னான் தெரியுமா.

"மக்கா, இங்க மத்தி கிடைக்குமாடே? யார்கிட்டயாவது கேக்கணும்."

போனை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். விசா இல்லை, டிக்கெட் இல்லை, கோணல் வாலை வைத்துக்கொண்டு எந்த கவுன்டரைத் தாண்டிப் போனான் என்று யோசித்தால் சிரிப்பும் வந்தது, வேறு என்னவோவும் வந்தது. ஆனால் என்னை இன்றைக்கு வரைக்கும் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது அந்த நேபாளி தட்டினது இல்லை, அதற்கு அடுத்ததுதான். நான் உட்கார்ந்திருக்கிறேன், அம்மா சாயா கொண்டுவருகிறாள். இந்த கேம்ப், கட்டில் சமாச்சாரம் எதையும் நான் அவளிடம் சொன்னதில்லை. வந்தவள் காலைத் தூக்கவில்லை, தாண்டவில்லை, நேராக அந்தச் சாக்கின் நடுவில் மிதித்துக்கொண்டு நின்று தம்ளரை நீட்டினாள்.

"அம்மா, சாக்க மிதிச்சிட்டு நிக்க" என்றேன்.

குனிந்து பார்த்தாள். "நின்னா என்ன மக்களே" என்றாள், ரொம்ப சாதாரணமாக. "இப்பம் அங்க யாரு கெடக்கா?"